அப்பா பேசிய மூன்று ஞாயிறுகள்

1

போன வாரம் அப்பாவுக்கு முதல் வருஷத் திதி. ஊரில் அண்ணன் கொடுத்தான். அந்த நேரம் நான் இங்கே முதியோர் இல்லத்தில், வாயைத் திறக்க மறுக்கும் ஒரு கிழவிக்குப் பூசணி சூப் ஊட்டிக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போதுதான் இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

நான் இருப்பது நியூசிலாந்தில் ஹாமில்டன் என்கிற ஊர். கடல் கிடையாது. சுற்றிலும் மாடும் மக்காச்சோளமும்தான். பெரம்பலூர் மாவட்டத்தில் குன்னத்துப் பக்கத்துப் பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் வேறு கிடைக்குமா என்று வந்த புதிதில் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பேன். இப்போது சொல்வதில்லை.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அப்பா இறந்து, எரித்து முடித்த பிறகு, மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் எங்கள் ஊர் வானொலியில் பேசினார். நான் உட்கார்ந்து கேட்டேன். சந்தோஷமாகக் கேட்டேன்.

2

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையில் ஒரு சின்ன சமுதாய வானொலி இருக்கிறது. அதன் பெயரை எழுதமாட்டேன். அங்கே இருப்பவர்களுக்கு என்னால் ஒரு சங்கடம் வரக்கூடாது. ஒரு மாடி அறை, இரண்டு மைக், எதிரொலி வராமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை. கொஞ்ச தூரம்தான் எடுக்கும். அதற்கு அப்பால் போனால் கரகர. ஆனால் போனில் ஆப் வைத்துக்கொண்டால் உலகத்தின் எந்த மூலையிலும் கேட்கலாம். அண்ணன்தான் எனக்கு அதை வைத்துக்கொடுத்தான்.

அவர்கள் செய்தி வாசிக்கக் கூடாது, லைசென்சிலேயே அப்படி. அதனால் ‘ஊர்ப்பேச்சு’ என்று ஒன்று வைத்திருந்தார்கள். எந்தக் கோயிலில் தேர், எந்த பஸ் இன்றைக்கு வராது, சின்ன வெங்காயம் என்ன விலை என்று பேச்சுவாக்கில் வந்துவிடும். வியாழக்கிழமை நாடகப் பாட்டு. ரெட்டிபாளையம் சிமெண்ட் ஃபேக்டரியில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் சிலர் ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து பாடுவார்கள். பாதிப் பாட்டில் இருமல் வந்துவிடும். அதையும் வெட்டாமல்தான் போடுவார்கள்.

ஞாயிறு காலை ஏழரைக்குப் புத்தக நிகழ்ச்சி. வளர்மதி என்கிற பெண் ஒரு கதையைப் பகுதி பகுதியாக வாசிப்பாள். வாசித்து முடித்ததும் கேட்டவர்கள் போன் செய்து அபிப்பிராயம் சொல்லலாம். முதலில் வரும் போன் பெரும்பாலும் என் அப்பாவுடையதாக இருக்கும்.

அப்பா பெயர் கலியபெருமாள். மானாவாரி நிலம், மக்காச்சோளமும் பருத்தியும். புத்தகம் எதையும் கையால் தொட்டுப் பார்த்தவர் இல்லை. ஆனால் காதால் கேட்ட கதையில் வரும் ஆட்களைச் சொந்தக்காரர்களைத் திட்டுவதுபோலத் திட்டுவார். “அந்தத் தம்பிக்காரன் சரியில்லம்மா, நான் அன்னிக்கே சொன்னேன்” என்பார். போன வாரம் அவர் சொன்னது அதற்கு நேர் எதிராக இருந்திருக்கும். வளர்மதி அதை எடுத்துக் காட்டினால், “அது போன வாரம். இந்த வாரம் அவன் புத்தி தெரிஞ்சுபோச்சுல்ல” என்பார்.

அவருக்கு எதிராளி வாலிகண்டபுரம் காதர் பாய். பஞ்சர் கடை வைத்திருப்பவர். அப்பா சரி என்றால் அவருக்குத் தப்பு. அப்பா போனை வைத்த உடனே அவர் போன் வரும். “கலியபெருமாள் அண்ணன் சொல்றதுல எனக்குச் சம்மதம் இல்லீங்க” என்றுதான் ஆரம்பிப்பார். இருவரும் நேரில் ரொம்பச் சிநேகம். பெரம்பலூர் சந்தைக்குப் போனால் ஒன்றாக டீ குடித்துவிட்டுத்தான் வருவார்கள்.

என்னிடம் போனில் அப்பா பேசுவது மூன்று கேள்விகள்தான். “சாப்ட்டியா? புள்ள நல்லாருக்கா? வெச்சிடட்டா?” மகளோடு நீட்டி முழக்கிப் பேசுகிற பழக்கம் எங்கள் பக்கத்து ஆண்களுக்கு இல்லை. ரேடியோவில் பத்து நிமிடம் பேசுவார். அதனால் அவர் எப்படி இருக்கிறார், மனசில் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு இருந்த வழி அது ஒன்றுதான். அங்கே காலை ஏழரை என்றால் இங்கே கோடையில் பகல் மூன்று மணி. சாப்பிட்டுவிட்டுச் சமையலறை மேசையில் போனைச் சாய்த்து வைத்துக் கேட்பேன். வேலை செய்யும் இடத்தில் ஒருமுறை “என் அப்பா ரேடியோவில் பேசுவார்” என்று சொல்லிவிட்டேன். அவர்கள் ஏதோ பெரிய அறிவிப்பாளர் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் திருத்தப் போகவில்லை.

3

இனி விசாக் கதை. அதைச் சொல்லாமல் மற்றது விளங்காது.

எங்கள் வேலை விசா முடிந்து, நிரந்தரமாகத் தங்குவதற்கு விண்ணப்பம் போட்டிருந்தோம். முடிவு தெரியும்வரை இடைக்கால விசா என்று ஒன்று தருவார்கள். இருக்கலாம், வேலை செய்யலாம். ஆனால் நாட்டைவிட்டு வெளியே கால் வைத்தால் அந்த நொடியே அது செல்லாது. திரும்பி வருவது அவர்கள் தயவு. ஆபீசுக்குப் போன் செய்தால் சங்கீதம் போட்டுக் காத்திருக்க வைப்பார்கள். அப்புறம் ஒரு குரல், “உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது” என்று ரொம்ப அன்பாகச் சொல்லும். அன்பாகச் சொல்வதுதான் எனக்கு எரிச்சல். நம் தாலுகா ஆபீசில் மூஞ்சியைக் காட்டிப் பேசுவார்கள், நாமும் பதிலுக்கு இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம்.

இதை நான் அண்ணனிடம் ஒன்றுக்கு நாலுமுறை விளக்கியிருந்தேன். “வெளிய வந்தா திரும்பிப் போக முடியாதுண்ணா. கயல் படிப்பு, இவரு வேல எல்லாம் போயிடும்” என்று. கயல் என் மகள், பதினொரு வயது. அண்ணன் செந்தில் எதையும் கேட்டால் மறக்காதவன்.

மாசி மாதம் ஒரு நாள் காலை, காட்டிலிருந்து வந்து கைகால் கழுவும்போது அப்பாவுக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. பெரம்பலூருக்குக் கொண்டுபோகும் வழியில் வண்டியிலேயே முடிந்துவிட்டது. அண்ணன் என் கணவர் பாலுவுக்கு மட்டும் போன் செய்தான். “அவகிட்ட சொன்னா அடுத்த ஃபிளைட்ட புடிச்சு வந்துடுவா மாப்ள. வந்தா எல்லாம் போச்சு. விசா வரட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்” என்றானாம். இவரும் சரி என்றிருக்கிறார்.

தூரத்தில் இருக்கும் பிள்ளைக்குச் சாவைச் சொல்லாமல் மறைப்பது நம் ஊரில் புதிதில்லை. பரீட்சை எழுதுகிற பையனுக்குச் சொல்லமாட்டார்கள், மாசமாக இருக்கும் பெண்ணுக்குச் சொல்லமாட்டார்கள், துபாய்க்காரனுக்கு ‘சீரியஸ்’ என்று மட்டும் சொல்லி வரவழைப்பார்கள். அந்த வரிசையில் நானும் ஒருத்தியாக நிற்பேன் என்று நினைத்ததில்லை.

அந்த வாரம் நான் போன் செய்தபோது அண்ணன், “அப்பா காட்டுக்குப் போயிருக்காரு” என்றான். அம்மா பேசினாள். தொண்டை கட்டிக் குரலே வரவில்லை. “பனியில நிக்காதீங்கம்மா, உப்புத் தண்ணி வெச்சுக் கொப்புளிங்க” என்று நான் அவளுக்கு வைத்தியம் சொன்னேன். புருஷனைத் தூக்கிக் கொடுத்துவிட்டு அழுது அழுது குரல் போன பொம்பளைக்கு. “சரி தாயி, கொப்புளிக்கறேன்” என்றாள் அம்மா.

4

அண்ணனுக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. ஞாயிறு நிகழ்ச்சியில் அப்பா குரல் வரவில்லை என்றால் நான் கேள்வி கேட்பேன். அதனால் வளர்மதியைப் போய்ப் பார்த்திருக்கிறான்.

வளர்மதி ஒரு வழி கண்டுபிடித்தாள். அதற்கு முந்தின புரட்டாசியில் அவள் ஒரு கதை வாசித்திருந்தாள். மகளைக் கடல் தாண்டிக் கட்டிக்கொடுத்த ஒரு தகப்பனின் கதை. அதற்கு அப்பா வாராவாரம் போன் செய்து பேசியிருந்தார். அந்த மாதங்களில் எனக்கு ஞாயிறு ஷிப்ட். அந்தப் பகுதிகள் எதையும் நான் கேட்டதில்லை என்பது அண்ணனுக்குத் தெரியும். நேயர்கள் விரும்பிக் கேட்டதால் அந்தக் கதையை மறுபடி வாசிக்கிறோம் என்று அறிவித்துவிட்டு, வாசித்த பிறகு அப்பாவின் பழைய போனை எடுத்து, இப்போது வந்ததுபோல அவள் சேர்த்துவிட்டாள்.

முதல் ஞாயிறு. “வணக்கம்மா, குன்னத்துக்குப் பக்கத்துலேர்ந்து கலியபெருமாள் பேசறேன்” என்று அப்பா குரல் வந்ததும் நான் டீயை ஆற்றிக்கொண்டே உட்கார்ந்தேன். “அந்தத் தகப்பன ஏன் எல்லாரும் குத்தம் சொல்றாங்க? மகள அனுப்பிச்சது சரிதாம்மா. இங்க இருந்து என்னத்தக் கண்டிருப்பா? வெயில்ல காஞ்சு, மழைக்கு மானத்தப் பாத்துக்கிட்டுக் கெடக்கணும். நான் அவன் எடத்துல இருந்தாலும் அனுப்பத்தான் செய்வேன்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னை அனுப்பியதைப் பற்றி அப்பா வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதே இல்லை.

அடுத்தது காதர் பாய். “கலியபெருமாள் அண்ணன் சொல்றதுல எனக்குச் சம்மதம் இல்லீங்க. தப்புங்க அது. வயசான காலத்துல பக்கத்துல புள்ள வேணும். காசு பணம் வந்து தண்ணி மோந்து குடுக்குமா? அண்ணன் வீறாப்புக்குப் பேசறாரு. உள்ளுக்குள்ள அவருக்கும் இருக்கும்” என்றார். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. வயசாகிறது பாய்க்கு என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் ஞாயிறும் இதே வழக்குதான். அப்பா ஒரு பக்கம் இழுக்க, பாய் மறுபக்கம் இழுக்க, நான் சிரித்தேன். எதிரே உட்கார்ந்திருந்த பாலு எழுந்து தோட்டத்துக்குப் போனார். இந்த மனிதருக்குக் கதை கேட்கும் ரசனையே இல்லை என்று அப்போது திட்டினேன்.

5

மூன்றாம் ஞாயிறு. நான் மேசையில், பாலு அடுப்படியில், கயல் எனக்குப் பக்கத்தில் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள்.

கயலுக்குத் தமிழ் அரைகுறை. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் சொல்வாள். தாத்தாவோடு போனில் பேசச் சொன்னால் ‘ஹாய் தாத்தா’ என்று விட்டு ஓடிவிடுவாள். அதற்குச் சில மாதம் முன்பு திடீரென்று பக்கத்து வீட்டு நாயைப் பார்த்து, “ஏய், அந்த ஆட்ட ஓட்டு!” என்று கத்த ஆரம்பித்தாள். எங்கே கற்றாள் என்று கேட்கவில்லை. ஒரு முழு வாக்கியம் தமிழில் வந்ததே என்று எனக்குத் தாங்க முடியாத பெருமை.

ரேடியோவில் அப்பா பேசிக்கொண்டிருந்தார். “மக்காச்சோளத்துக்குப் படைப்புழு மருந்து அடிச்சுட்டு இப்பதாம்மா கரையேறினேன். மானம் மூடிக்கிட்டு நிக்குது, ரெண்டு மழை எறங்கினா பயிரு தப்பிச்சுக்கும். அது கெடக்கட்டும், அந்தப் பொண்ணு கடுதாசி போடலன்னு தகப்பன் அழுவறது எனக்குப் பிடிக்கல...”

கயல் தலையைத் தூக்காமல், “இப்ப தாத்தா கத்துவாரு” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பென்சிலை வைத்துவிட்டு, “ஏய், அந்த ஆட்ட ஓட்டு!” என்றாள்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் ரேடியோவில் அப்பா, “ஏய், அந்த ஆட்ட ஓட்டு!” என்று யாரையோ அதட்டினார்.

“எப்படிடி தெரியும்?” என்றேன்.

“இது பழசும்மா. நீ ஒர்க் போனப்ப அப்பா போட்டாரு. நான் கேட்டேன்.” அவளுக்குத் தாத்தா சொன்ன சங்கதி எதுவும் புரியாது. சத்தம் மட்டும்தான் தெரியும். அதனால்தான் மறக்கவில்லை.

பழசைத் திருப்பிப் போடுவது ரேடியோவில் சகஜம்தானே என்று ஒரு நொடி நினைத்தேன். அதற்குள் அப்பா சொன்னது மண்டையில் ஏறியது. மானம் மூடிக்கொண்டு நிற்கிறதா? மாசி கடைசியில்? மக்காச்சோளம் தையிலேயே ஒடித்து, கதிரடித்து, தட்டை மாட்டுக்குப் போயிருக்கும். இப்போது எங்கள் மக்காச்சோளக் காட்டில் வெடித்த தரையைத் தவிர எதுவும் இருக்காது. இங்கே எல்லாம் தலைகீழ். வேலைக்குப் போகும் வழியெல்லாம் மக்காச்சோளம் ஆளுயரம் நிற்கிறது. அதைப் பார்த்துப் பார்த்து, அங்கேயும் நிற்கிறது என்று மூன்று வாரமாக நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். எந்த மாதத்தில் எங்கள் நிலத்தில் என்ன இருக்கும் என்பதை நான் மறந்திருந்தேன்.

பாலுவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அடுப்பை அணைத்தார்.

“எப்போ?” என்றேன்.

“மாசி மகத்துக்கு முன்னாடி, தேனு.”

அதற்குள் காதர் பாய் ரேடியோவில் வந்துவிட்டார். “கலியபெருமாள் அண்ணன் சொல்றதுல எனக்குச் சம்மதம் இல்லீங்க” என்று தொடங்கினார்.

6

அழுதேன், கத்தினேன், பாலுவின் முகத்தில் விழிக்கமாட்டேன் என்றேன். அதையெல்லாம் விரிவாக எழுதி ஆகப்போவது எதுவுமில்லை. கயல் பயந்துபோய், தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டதாக நினைத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளைச் சமாதானப்படுத்தக்கூட எனக்குத் தெம்பில்லை. எங்கள் ஊரில் தகப்பன் செத்தால் மகள் தெருமுனையிலேயே தலைமுடியை அவிழ்த்துவிட்டு அழுதுகொண்டு ஓடி வருவாள். நாலு பேர் தாங்கிப் பிடிப்பார்கள். இங்கே மேசைக்கும் அடுப்புக்கும் நடுவில் எங்கே ஓடுவது?

அண்ணனுக்குப் போன் செய்து வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, “விசா போயிருந்தா அப்பாவே என்னத் திட்டியிருப்பாரு” என்றான். அவன் சொன்னது உண்மைதான். அதுதான் அவன்மேல் இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

அடுத்தது வளர்மதி. அவளை நான் நேரில் பார்த்ததில்லை. போனை எடுத்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

“ரெண்டு வாரத்தோட நிறுத்திடலாம்னுதான் நெனச்சேன்க்கா. உங்கம்மா ஆள் விட்டுச் சொன்னாங்க, இன்னொரு வாட்டி போடு தாயின்னு. அவங்களும் கேட்டுக்கிட்டுத்தான இருந்தாங்க. எப்படிக்கா மாட்டேங்கறது?”

“காதர் பாய் குரலும் பழசா?”

“இல்லக்கா. அவரு மூணு வாரமும் நேர்லதான் பேசினாரு. இப்படிப் போடறோம்னு யாரும் அவர்கிட்ட சொல்லல. மொத வாரம் உங்கப்பா குரலக் கேட்டதும் அவரே புரிஞ்சுக்கிட்டாரு. உடனே போன் அடிச்சு, வழக்கம்போல என்னையும் லைன்ல எடுத்து வுடும்மான்னாரு. பேசி முடிச்சுட்டு லைன வெக்காமயே கேவுனாரு. எரிக்கறப்ப சுடுகாடு வரைக்கும் வந்தவரு அவரு.”

வளர்மதியே தொடர்ந்தாள்.

“அவரு மட்டும் இல்லக்கா. நம்ம ரேடியோ எடுக்கற ஊர் அத்தனைக்கும் உங்கப்பா செத்தது தெரியும். செத்தவரு எப்படிப் பேசறாருன்னு கேட்டு ஒரு போன் வரல. ரெட்டிபாளையத்துலேர்ந்து ஒருத்தர் பேசினாரு, கலியபெருமாள் அய்யா இந்த வாரம் நல்லாப் பேசினாருன்னு. பொண்ணு கேட்டுக்கிட்டிருக்கும்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சு.”

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருவதா அழுகை வருவதா என்று தெரியவில்லை. முகம் தெரியாத அத்தனை பேர் ஒன்றாகச் சேர்ந்து என்னிடம் பொய் சொன்னார்கள். என்மேல் அத்தனை பேருக்கு அக்கறை இருந்தது. இரண்டும் உண்மை.

7

நாலாவது ஞாயிறு வளர்மதி கதை வாசிக்கவில்லை. நம் நேயர் கலியபெருமாள் அய்யா காலமாகிவிட்டார் என்று சொன்னாள். அது செய்தியில் சேருமா, லைசென்சுக்குப் பொருந்துமா என்று அவள் யோசித்ததாகத் தெரியவில்லை. அவருடைய மகள் வெளிநாட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார், துக்கம் கேட்க விரும்புகிறவர்கள் பேசலாம் என்றாள்.

பேசினார்கள். பருத்தி எடுக்கப் போகும் வழியில் ஒரு பெண் நின்று பேசினாள். ஆர்மோனியக்காரர் இருமிக்கொண்டே பேசினார். என்னை யாருக்கும் தெரியாது. “மனசத் தேத்திக்கம்மா” என்றார்கள். இங்கே வேலை செய்யும் இடத்திலிருந்து எனக்குப் பூ அனுப்பினார்கள், அனுதாப அட்டை அனுப்பினார்கள், எத்தனை நாள் லீவு வேண்டும் என்று பதமாகக் கேட்டார்கள். மனசைத் தேற்றிக்கொள் என்று சொல்ல ஆளில்லாமல் இருந்தது.

நான் போன் செய்தேன். அந்த நிகழ்ச்சிக்கு நான் செய்த முதல் போன் அதுதான். என் குரல் எனக்கே சற்றுப் பிந்தி ரேடியோவில் கேட்டது. “ரேடியோவக் கொறச்சு வெச்சுக்கங்கக்கா” என்றாள் வளர்மதி. பிறகு, “காதர் பாய் இன்னொரு லைன்ல இருக்காரு, பேசறீங்களா?” என்றாள்.

பாய் தொண்டையைச் செருமினார். “நான்தாம்மா. உங்கத்தா கலியபெருமாள் அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேக்க வழியில்ல, உங்கிட்ட கேட்டுக்கறேன். செத்த மனுசன எதிர்த்து மூணு வாரம் பேசிட்டேன். அவரு பதில் சொல்ல முடியாதுன்னு தெரிஞ்சே பேசினேன். அல்லா பொறுக்கணும். இன்னிக்கு எல்லாரும் கேக்கச் சொல்றேன், அண்ணன் சொன்னதுதாம்மா சரி. உன்ன அனுப்பிச்சது சரி. நீ நல்லா இருக்க. நான் பேசினதுதான் தப்பு.”

எங்கள் வீட்டில் அம்மா, அண்ணன், அண்ணி எல்லாரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பாலு எதிரே நின்றுகொண்டிருந்தார். அப்பா ஒருபோதும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லாததை அந்த மூன்று வாரமும் ஊர் கேட்கச் சொல்லியிருந்தார். அந்தச் சொல்லை நான் காப்பாற்ற வேண்டும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்திருப்பார்கள். நானும் ஆமாம் பாய் என்று சொல்லிவிட்டு வைத்துவிடத்தான் வாயைத் திறந்தேன்.

“இல்ல பாய்” என்றேன். “அந்த மூணு வாரமும் நீங்க சொன்னதுதான் சரி.”

 வளர்மதி உடனே பாட்டுப் போடவில்லை.